மழை நாளில் வரும் ஹிமேனா

அத்தியாயம் 3

மிர்தா ஒலாசாவைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குப் போகாதீர்கள், பள்ளிக்கூட வாசலுக்குப் போங்கள் என்று பெட்ரோல் பங்கில் சொல்லியிருந்தார்கள். சொன்னது சரிதான். கம்பிக் கேட்டுக்கு வெளியே, யூக்கலிப்டஸ் மரத்தடியில், ஒற்றைக் குதிரை வண்டியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் தார்ப்பாய். மழை அதன் ஓரங்களில் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது.

பள்ளி விடுவது மூன்று மணிக்கு. இப்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை. கூட்டிக்கொண்டு போக அவளுக்குப் பிள்ளையும் இல்லை. பத்து வயது மகள் ஹிமேனாவை மே மாதம் ஓடை கொண்டுபோய்விட்டது.

நிபியா வேனை விட்டு இறங்கினாள். இருபது வருடம் போலீசில் மாட்டுத் திருட்டுப் பிரிவில் இருந்தவள். உருகுவேயில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம்; வேலைக்குக் குறைவிருந்ததில்லை. இப்போது தனியாகத் துப்பறிகிறாள். போன குளிர்காலத்தில் கணவரைப் புதைத்தபின், சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தெரிவதில்லை. அதைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்தது.

"தோன்யா மிர்தா, நான் நிபியா. நேத்து போன்ல பேசினோமே." தோன்யா என்பது அங்கே ‘அம்மா’ மாதிரி ஒரு மரியாதைச் சொல்.

"ஏறி உக்காருங்க. நனையாதீங்க."

நிபியா ஏறிக்கொண்டாள். கூட வந்த லீபருக்கு இடமில்லை. வெந்நீர் பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாத்தே என்கிற இலைத் தேநீர்க் குடுவையைக் கையில் பிடித்தபடி, சக்கரத்தோடு ஒட்டி நின்றான்.

"இந்தத் தம்பி யாரு?"

"என் வீட்டுக்காரரோட அக்கா மகன். என் உதவியாள்."

"உதவின்னா, வேன் நின்னுபோனா தள்ளறது," என்றான் லீபர். "அது அடிக்கடி நிக்கும். அதனால நிரந்தர வேலை."

மிர்தா சிரிக்கவில்லை. முகம் சுளிக்கவும் இல்லை. வானிலை அறிக்கையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டாள்.

"பசங்க சொல்றாங்க," என்றாள். "மழை பெஞ்சா ஹிமேனா வர்றாளாம். அவங்க மிஷின் திரையில."

அரசாங்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுத்த மடிக்கணினி அது. வெள்ளையும் பச்சையுமாக, இரண்டு பக்கமும் முயல் காதுபோல ஆன்டெனா தூக்கி நிற்கும். அதன் திரையில் ஒரு பக்கம் உண்டு. அருகில் எந்தெந்த மிஷின் இருக்கிறதோ, அதெல்லாம் சின்னச் சின்ன மனித உருவங்களாக அந்தப் பக்கத்தில் தெரியும். உருவத்துக்குக் கீழே பிள்ளையின் பெயர். ஒவ்வொன்றுக்கும் தனி நிறம்.

"அவளோடது ஆரஞ்சு உடம்பு, பச்சை ஓரம். கீழ அவ பேரு. மழை நாள்ல மட்டும் வருதாம். மத்த நாள்ல இல்லையாம். மழை பெஞ்சா ஓடை ஏறுது, ஓடை ஏறினா அவ வர்றான்னு சொல்றாங்க."

"மிஷின் அவளோட ஓடையில போச்சுன்னுதானே எல்லாரும் நினைச்சாங்க?"

"டீச்சர் அப்படித்தான் சொன்னாங்க. கையில வச்சுக்கிட்டுப் போனாளாம். அவ கிடைச்சா. மிஷின் கிடைக்கல." தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டாள். "நாளைக்குக் காலைல தலைநகர்லேந்து அதைப் பூட்டிடுவாங்க. டீச்சர் எழுதிக் கொடுத்துட்டாங்க. பூட்டிட்டா உள்ள இருக்கறது அத்தனையும் போயிடுமாம்."

"உள்ள என்ன இருக்கு?"

"அவ ரேடியோ. பேசிப் பேசிப் பதிவு பண்ணுவா. ‘ரேடியோ ஹிமேனா’ன்னு ஆரம்பிப்பா. இன்னிக்கு மழை, கோழி முட்டை போடல, எங்கம்மா தோர்த்தா பொரிக்கறாங்க, அப்படி. மிஷினுக்குப் பேட்டரி செத்துப் போச்சு, வயர் இல்லாம ஓடாது. அதனால அடுப்புப் பக்கத்து பிளக்ல சொருகிட்டு, அங்கயே தரையில உக்காந்துதான் ஒலிபரப்பு. எனக்கு எரிச்சலா இருக்கும். காலுல இடிச்சுக்கிட்டே இருப்பா."

"உங்களுக்கு வேண்டியது மிஷினா, அதை எடுத்த ஆளா?"

"குரல். எடுத்தவங்க மிஷினை வச்சுக்கட்டும்."

குதிரை ஒரு காலை மாற்றி வைத்தது.

"அன்னிக்கு நான் பத்து நிமிஷம் லேட்டு," என்றாள் மிர்தா, யாரும் கேட்காமலே. "கிளம்பும்போது லாடம் கழண்டுடுச்சு. மூணு பத்துக்கு வந்து நிக்கறேன், டீச்சர் ‘இப்பத்தான் போனா’ன்னாங்க. கல்லு மேல தாண்டற குறுக்கு வழியில போயிட்டா போல. வண்டியில வந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது." கையுறையின் நுனியைச் சரிசெய்தாள். "அதான் இப்பல்லாம் முன்னாடியே வந்துடறேன்."

லீபர் குடுவையில் வெந்நீர் ஊற்றி, சிரிக்க வைக்கப் பார்க்காமல் அவளிடம் நீட்டினான். அது அபூர்வம்.

*

சுல்மா தெச்செரா அந்தப் பள்ளியின் ஒரே டீச்சர், தலைமையாசிரியையும் அவள்தான். வகுப்பறைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தாள். முப்பது நாற்காலிகள் போட்ட வகுப்பில் அன்று ஐந்து பிள்ளைகள், வெள்ளை அங்கியும் கழுத்தில் நீல ரிப்பன் முடிச்சுமாக.

"மழையில முப்பதுக்கு அஞ்சு வந்தாலே பெரிய விஷயம்," என்றாள் சுல்மா. குரலில் களைப்பு, முகத்தில் நல்ல மனது.

"எங்க காலத்துல மேகம் கறுத்தாலே நான் வீட்டுல," என்றான் லீபர். "மேகத்தைப் பாத்தே மூணாங் கிளாஸ் முடிச்சவன் நான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். சுல்மாவும் சிரித்தாள்.

தமாரா என்ற பெண் தன் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதினொரு வயது, ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. "இதோ பாருங்க. நடுவுல இருக்கறது நான். சுத்தி இருக்கறது இவங்க நாலு பேரு." விரலைத் திரையின் மூலைக்கு நகர்த்தினாள். "அது அவ."

ஆரஞ்சு உடம்பு. பச்சை ஓரம். ஹிமேனா.

நிபியா குனிந்து பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான். கொஞ்ச நாளாக எல்லாமே அப்படித்தான் தெரிந்தது, அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இது எவ்வளவு தூரத்துல இருந்தா தெரியும்?"

"அந்த மரம் வரைக்கும். அதுக்கு மேல போனா மறைஞ்சுடும்."

"நெட் வேணுமா?"

"வேணாம். மிஷினும் மிஷினும் நேரா பாத்துக்கும்."

"மூடி வச்சிருந்தா?"

"மூடினாலும் அது முழுசாத் தூங்காது. காது மட்டும் முழிச்சிருக்கும்." தமாரா ஆன்டெனாவைத் தட்டிக் காட்டினாள்.

"என் வீட்டுக்காரி மாதிரி," என்றான் லீபர்.

"உனக்கு எங்கடா வீட்டுக்காரி?"

"வரப்போறவ, அத்தை. இப்பவே பயந்து பழகறேன்."

நிபியா டீச்சர் பக்கம் திரும்பினாள். "ஒரு சந்தேகம். ஓடையில முழுகின மிஷின்தானே? அதை எதுக்குப் பூட்டச் சொன்னீங்க?"

"முழுகிடுச்சுன்னுதான் நானும் நினைச்சேன், தோன்யா. இப்ப பசங்க பயப்படறாங்க. யாராவது கரையில எடுத்து வச்சுக்கிட்டு விளையாடினா? பூட்டிட்டா இந்தப் பேச்சு நிக்கும். அந்த அம்மாவுக்கும் நிம்மதி." சுல்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். தூரத்தில் தார்ப்பாய் தெரிந்தது. "தினமும் அங்க வந்து நிக்கறாங்க. என்னால பாக்க முடியல."

"யாரு எடுத்திருக்கலாம்னு நினைக்கறீங்க?"

"நான் சொல்லக் கூடாது."

"சொல்லுங்க."

"எல்பியோ. ஓடைக்கரையிலதான் செங்கல்லுக்கு மண் வெட்டுவாரு. மழை வந்தா சூளை வேலை நின்னுடும், சும்மாதான் இருப்பாரு. வீடு இந்த வேலிக்கு அந்தப் பக்கம்."

மழை, ஓடை, ஓய்வு, பக்கத்து வீடு. எல்லாம் பொருந்தி வந்தது. மாட்டுத் திருட்டுப் பிரிவில் இப்படி முதல் விசாரிப்பிலேயே எல்லாம் பொருந்தினால், மாடு வேறெங்கோ இருக்கும்.

*

எல்பியோவின் குடிசையில் பட்டப்பகலில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. மழை பெய்தால் தோர்த்தா என்பது அங்கே வழக்கம்; அவரும் வாணலியில் மாவுத் தட்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்தார். அன்று அந்த ஊரில் எண்ணெய் காயாத அடுப்பு இருந்திருக்காது.

"சாப்பிடுங்க. தோர்த்தா ஆறினா தோலு மாதிரி ஆயிடும்."

லீபர் மூன்று எடுத்தான். நிபியா ஒன்றைப் பிட்டுப் பாதியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"யாரு அனுப்பிச்சாங்கன்னு தெரியும்," என்றார் எல்பியோ. "ஊர்ல எது காணாம போனாலும் என் வாசல்லதான் வந்து நிப்பாங்க. ஓடையில எனக்கு என்னென்ன கிடைச்சிருக்கு தெரியுமா? ஒத்தை பூட்ஸு. பிரிட்ஜ் கதவு. தலை இல்லாத புனிதர் சிலை ஒண்ணு. அந்தப் புனிதர்கிட்டதான் நான் வேண்டிக்கறேன். காது இல்லாததால ஒண்ணும் நடக்கல."

"மிஷின்?"

"கிடைச்சிருந்தா மிர்தாகிட்ட கொடுத்திருக்க மாட்டேனா? அந்தப் பொண்ணு மழையில போகும்போது இந்த வழியா எனக்குக் கையாட்டிட்டுப் போவா. மழை நாள்ல பள்ளிக்கூடம் போற ஒரே பிறவி."

நிபியா சுவர்களைப் பார்த்தாள். விளக்கு மாட்டிய ஆணி. வானொலி ஒன்று, பேட்டரியில் ஓடுவது. கூரையில் ஒயர் இல்லை, சுவரில் பிளக் இல்லை.

"கரண்ட் கனெக்‌ஷன் இல்லையா?"

"கம்பம் வரைக்கும் வந்துச்சு. அங்க நின்னு யோசிச்சுக்கிட்டிருக்கு."

நிபியா எழுந்துகொண்டாள். வயர் இல்லாமல் ஓடாத மிஷின், கரண்ட் இல்லாத வீடு. மனிதர் மழையில் சும்மா இருக்கலாம்; திரையில் தெரிகிற மிஷின் இங்கே ஓடியிருக்க முடியாது.

*

வேனுக்குள் வந்து கண்ணாடியைத் துடைத்தார்கள். துடைத்த இடம் உடனே மங்கியது. இரண்டு மணி ஆகியிருந்தது. கேட்டருகே குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

"போச்சு," என்றான் லீபர். "மழையில சும்மா இருக்கற ஆளுங்கன்னு பாத்தா யாரு மிச்சம்? ஆட்டுக்கு மயிர் வெட்டறவங்க, கொத்தனாருங்க, அப்புறம் நான். நாலு ஊரு ஆம்பளைங்களையும் நிறுத்தி வச்சுக் கேக்கணும்."

நிபியா மங்கிய கண்ணாடியை மறுபடி துடைத்தாள். லீபருக்கு மௌனம் ஒத்துக்கொள்ளாது. மாத்தேயில் வெந்நீர் ஊற்றி அவளிடம் நீட்டினான், பேச்சைத் தொடர்ந்தான்.

"மழைன்னாலே வினோதமான விஷயம் நடக்கும் அத்தை. எங்க கிளப்ல சீட்டாட்ட ரூம் இருக்குல்ல. மழை நாள்ல அங்க ரெண்டே பேருதான். நானும், ஒமார் மாமாவும். அன்னிக்குத்தான் கவனிச்சேன், மாமாவோட மீசை ஒரு பக்கம் கோணல்."

"மத்த நாள்ல நேரா இருக்குமா?"

"மத்த நாள்ல யாரு பாத்தா? நாப்பது பேரு, நாப்பது மீசை. எது கோணல்னு யாருக்குத் தெரியும்."

நிபியா மாத்தேயைத் திருப்பிக் கொடுத்தாள். குடிக்காமல் கொடுப்பது மரியாதை இல்லை என்று தெரிந்தும் கொடுத்தாள்.

"என்ன அத்தை, சூடு போதலையா?"

"மீசை தினமும் கோணல்தான், லீபர்."

"அதைத்தானே சொல்றேன்."

"அதே மாதிரி அவளும் தினமும் வர்றா."

லீபர் மாத்தே உறிஞ்சும் குழாயை உதட்டிலிருந்து எடுத்தான்.

"வெயில் நாள்ல வகுப்புல முப்பது பேரு. திரையில முப்பது உருவம், ஒண்ணு மேல ஒண்ணா. அதுல ஒரு ஆரஞ்சு கூட இருந்தா எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? மழை நாள்ல அஞ்சே பேரு. அஞ்சுக்கு ஆறு தெரிஞ்சா உடனே கண்ணுல படும். மழைக்கும் ஹிமேனாவுக்கும் சம்பந்தமே இல்ல. மழைக்குப் பிள்ளைங்க வர்றதில்ல, அவ்வளவுதான்."

"அப்போ யாரும் மழைக்கு வந்துட்டுப் போகல."

"அது எங்கயும் போகறதே இல்ல. ராத்திரி பகலா ஒரே இடத்துல, பிளக்ல சொருகினபடியே இருக்கு. அந்த மரம் வரைக்கும்னு தமாரா சொன்னாளே. மரத்துக்கு இந்தப் பக்கம் கரண்ட் இருக்கற கட்டடம் எத்தனை?"

லீபர் கண்ணாடியைக் கையால் துடைத்து வெளியே பார்த்தான். வயல். வயல். சூளை. எல்பியோவின் குடிசை. நடுவே பள்ளிக்கூடம்.

"ஒண்ணுதான்," என்றான்.

*

பியூஸ் பலகை வராந்தாவில் இருந்தது. மூன்று பீங்கான் கட்டைகள். வகுப்பு, சமையலறை, டீச்சர் அறை என்று யாரோ பெயின்டில் எழுதியிருந்தார்கள்.

லீபர் உள்ளே போய்த் தமாராவின் பக்கத்தில் குட்டி நாற்காலியில் முட்டி மார்பில் இடிக்க உட்கார்ந்தான். மிஷினைக் கடன் கேட்டான். கீழே போட்டால் புதுசு வாங்கித் தர வேண்டும், மூக்கைத் தொடக் கூடாது, பொரித்த எண்ணெய்க் கையைத் துடைக்க வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டுக் கொடுத்தாள். சுல்மா கரும்பலகையில் ஆறுகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

நிபியா முதல் கட்டையைப் பிடுங்கினாள். வகுப்பில் விளக்கு அணைந்தது. நெட் போச்சு என்று ஐந்து குரல்கள் முனகின.

"அவ இருக்கா," என்றான் லீபர், திரையைப் பார்த்தபடி.

சொருகினாள். இரண்டாவதைப் பிடுங்கினாள். சமையலறையில் பிரிட்ஜ் ஒரு முறை நடுங்கி ஓய்ந்தது.

"இருக்கா."

சுல்மாவின் சாக்பீஸ் பலகையில் நின்றது. அவள் திரும்பவில்லை.

மூன்றாவது கட்டை. பின் அறையில் ஓடிக்கொண்டிருந்த வானொலி ஒரு சொல்லின் பாதியில் நின்றது. மழைச் சத்தம் மட்டும். நிபியா கையில் பீங்கானை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். லீபர் வேறு யாரோ பேசுவதுபோன்ற குரலில் சொன்னான்:

"அத்தை. போயிட்டா."

சுல்மா சாக்பீஸைத் தட்டில் வைத்தாள். கையைத் துணியில் துடைத்தாள். அங்கிப் பையிலிருந்து சாவியை எடுத்து, யாரும் கேட்காமலே, வராந்தாவுக்கு வந்து நீட்டினாள்.

*

கட்டில், சின்ன அடுப்பு, வானொலி, துணி அலமாரி. சுவர் பிளக்கிலிருந்து ஒரு வயர் அலமாரிக் கதவின் இடுக்கு வழியாக உள்ளே போனது. கம்பளி ஸ்வெட்டர்களுக்கு நடுவே மிஷின் இருந்தது. முயல் காதுகள் தூக்கியபடி.

லீபர் வெளியே போய்க் கட்டையைச் சொருகினான். வானொலி மறுபடி பேச ஆரம்பித்தது. நிபியா அதை அணைத்தாள்.

"அவ கையில எடுத்துட்டுப் போகல," என்றாள்.

"நனைஞ்சுடும்னு நான்தான் வச்சுட்டுப் போகச் சொன்னேன்."

"எத்தனை மணிக்கு?"

சுல்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "அதுல இருக்கு. கேட்டீங்களா?"

"இல்ல. நீங்க?"

"ஒரு தடவை."

"ஓடையில போட்டிருக்கலாமே. ஒரு நிமிஷ வேலை. வயரைப் பிடுங்கியிருந்தாக்கூடப் போதும்."

"தினமும் நினைப்பேன்." சுல்மாவின் குரலில் ஏற்ற இறக்கம் எதுவுமில்லை. "மழையில அவ ஒருத்திதான் வருவா. என்னால அணைக்க முடியல. வேற யாராவது எங்கயிருந்தாவது பூட்டிட்டா..." முடிக்கவில்லை. பிறகு, "அந்த அம்மா இதைக் கேக்க வேணாம், தோன்யா. தாங்க மாட்டாங்க," என்றாள்.

"தாங்குவாங்களா மாட்டாங்களான்னு அவங்க சொல்லட்டும்."

நிபியா மழையில் நடந்து கேட்டுக்குப் போனாள். மிஷினை எடுத்து வர முடியாது. வயரை விட்டு எடுத்தால் அணைந்துவிடும்.

"கிடைச்சுது," என்றாள். "நீங்கதான் உள்ள வரணும்."

மிர்தா பள்ளிக்கூடத்தைப் பார்த்தாள். "மூணு ஆகலியே."

"ஆகல."

அவள் கீழே இறங்கினாள். கடிவாளத்தை மரத்தில் கட்டினாள். முடிச்சை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். கேட்டைத் தாண்டும்போது அவள் நடை மாறவில்லை.

*

மிர்தா தரையில் உட்கார்ந்துகொண்டாள், பிளக்குக்குப் பக்கத்தில். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. கடைசிப் பதிவை லீபர் தேடி எடுத்தான். பக்கத்திலேயே அதன் நேரத்தை மிஷின் எழுதி வைத்திருந்தது. அவன் அதை நிபியாவுக்குக் காட்டிவிட்டு, பொத்தானை அழுத்தி, விலகி நின்றான்.

முதலில் தகரக் கூரையில் மழை. வெளியே பெய்யும் மழையும் அதுவும் ஒன்றாகக் கலந்து, எது எந்த நாள் மழை என்று தெரியவில்லை.

"ரேடியோ ஹிமேனா. இன்னிக்கு மழை. பள்ளிக்கூடத்துக்கு நான் ஒருத்திதான் வந்திருக்கேன். சமையல்காரம்மாவும் வரல. டீச்சர் எனக்கு முட்டை பொரிச்சுக் கொடுத்தாங்க. உப்பு ரொம்ப ஜாஸ்தி. இதை யாரும் டீச்சர்கிட்ட சொல்லாதீங்க."

"யார்கிட்டடி பேசறே?" சுல்மாவின் குரல், தூரத்திலிருந்து.

"நேயர்கள்கிட்ட."

"நேயர்கள்கிட்ட சொல்லு, இன்னிக்குப் பள்ளிக்கூடம் முடிஞ்சுதுன்னு. ஒருத்திக்காக மூணு மணி வரைக்கும் உக்காந்திருக்க முடியுமா? வீட்டுக்குக் கிளம்பு. அதை இங்கயே வச்சுட்டுப் போ, நனைஞ்சுடும்."

"அம்மா மூணுக்குத்தானே வருவாங்க."

"வழி தெரியாதா உனக்கு?"

"தெரியும். ஆனா அம்மா வருவாங்களே. எங்கம்மா லேட்டே பண்ண மாட்டாங்க."

"அதுக்குள்ள நீயே வீட்டுக்குப் போயிடலாம். போ கண்ணு."

ஒரு நாற்காலி நகர்ந்தது. குரல் மிஷினுக்கு மிக அருகில் வந்து, ரகசியமாகச் சொன்னது: "நேயர்களே, ரேடியோ முடிஞ்சுது. மிச்சம் நாளைக்கு."

பதிவில் மழை இன்னும் கொஞ்சம் பெய்து நின்றது.

மிர்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எத்தனை மணிக்கு?"

"ஒரு மணி ஆகறதுக்கு முன்னாடி," என்றாள் நிபியா.

"ஒரு மணிக்கு." மிர்தா அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "ஒரு மணிக்கு லாடம் நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் தலையை மட்டும் கட்டில் பக்கம் திருப்பினாள்.

"மூணு பத்துக்குக் கேட்டேன். இப்பத்தான் போனான்னீங்க."

"ஆமா," என்றாள் சுல்மா.

"நான் பாலத்துப் பக்கம் போய்த் தேடினேன். இப்பத்தான் போனான்னு நினைச்சு."

"ஆமா."

மிர்தா தலையசைத்தாள். வழி கேட்டவர் வழி சொன்னவருக்குத் தலையசைப்பதுபோல. கத்துவாள் என்று லீபர் பயந்து கதவோரம் நகர்ந்திருந்தான். அவள் கத்தவில்லை. அவளிடம் அதற்கு ஒன்றும் மிச்சமில்லைபோலும், அல்லது அது வருவதற்கு இன்னும் நாளாகும்.

"டீச்சர்," என்றாள் நிபியா, "நாளைக்குக் காலைல பூட்டிடுவாங்க. நிறுத்தறதுன்னா நீங்கதான் சொல்லணும். ஏன்னு கேப்பாங்க."

"தெரியும்."

"எங்க இருந்துச்சுன்னும் கேப்பாங்க. எப்பலேந்துன்னும்."

"தெரியும், தோன்யா."

சுல்மா எழுந்து வகுப்பறைக்குப் போனாள். அங்கே சுவரில் போன் இருந்தது. ஐந்து பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க அவள் எண்களைச் சுழற்றுவது கேட்டது. பிறகு அவள் குரல், பாடம் எடுக்கும் அதே குரல்: "ஆமாம், நான் எழுதிக் கொடுத்த மிஷின்தான். பூட்ட வேண்டாம்... இல்லை, ஓடையில் இல்லை. என்னிடம்தான் இருந்தது... எழுதிக்கொள்ளுங்கள், சொல்கிறேன். அன்று மூன்று மணிக்கு விடவில்லை."

லீபர் வராந்தாவில் மாத்தேயில் வெந்நீர் ஊற்றி நிபியாவிடம் நீட்டினான். இந்த முறை அவள் குடித்தாள். சூடாக இருந்தது. அவ்வளவுதான் தெரிந்தது.

"ஜெயிச்சுட்டோமா அத்தை?"

"தெரியல."

"மீசைக்குப் பரிசு ஏதாவது உண்டா?" என்றான். அவனுக்கே அது பிடிக்கவில்லை. பிளாஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையைப் பார்த்தான்.

டீச்சர் இன்னும் போனில் இருந்ததால், மணியைத் தமாராவே அடித்தாள். மூன்று. ஐந்து பிள்ளைகளும் பைகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கேட்டுக்கு ஓடினார்கள். மரத்தடியில் குதிரை தலையைத் தூக்கிப் பார்த்தது.

அறையில் குரல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. முட்டையில் உப்பு ஜாஸ்தி என்றது. மிர்தா எழுந்திருக்கவில்லை.